கேம் வாங்குபவர் கையில் இருக்கும் பிடி

வீடியோ கேம் நிறுவனங்களைத் திட்டுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. சென்னை ரிச்சி தெருவில், டிவியோடு இணைத்து விளையாடும் கன்சோல் விற்று, பழுது பார்த்து, பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அந்தத் திட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் மறுபடியும் ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கொதிப்பார்கள். முடிக்காத விளையாட்டை விற்றுவிட்டுப் பிறகு இணையத்தில் ஒட்டுப் போடுகிறார்கள் என்பார்கள். எல்லாமே நியாயமான கோபம். ஆனால் அதே ஆட்கள் அடுத்த பாகத்துக்கு, அது வெளிவர மாதக்கணக்கில் இருக்கும்போதே, முன்பணம் கட்ட வந்து நிற்பதையும் பார்க்கிறேன்.

இவ்வளவு காலம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. விற்பவர் நம் பேச்சைக் கேட்பது இரண்டு சமயங்களில்தான். பணம் நம் கையை விட்டுப் போகும் முன்பு ஒன்று. போன பணத்தைச் சான்றோடு திருப்பிக் கேட்கும்போது இன்னொன்று. இடைப்பட்ட காலத்தில் நாம் போடும் சத்தம் அவர்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. போன ஆண்டு என் அக்கா வீட்டில் நடந்த ஒரு விவகாரம் இதை எனக்கு இன்னும் அழுத்தமாகக் காட்டியது. அதைச் சொல்வதற்கு முன்னால் டிஸ்க் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் புது டிஸ்க் வாங்கினால், அதற்கான பணத்தை அவன் முழுதாகச் செலவழித்ததாக அர்த்தம் இல்லை. விளையாடி முடித்து இரண்டு மூன்று வாரத்தில் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். அதோடு கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குவான். இவன் விற்றதை வேறொருவன் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போவான். விளையாட்டு மோசமாக இருந்தால் முதல் வாரத்திலேயே டிஸ்க்குகள் எங்கள் மேசைக்குத் திரும்பிவிடும், விலையும் சரியும். எந்த விமர்சனமும் சொல்லாததை அந்தச் சரிவு சொல்லும். வாங்குபவருக்கு இருந்த மிகப் பெரிய பலம் அதுதான்.

அந்தப் பலத்தை ஒரேயடியாகப் பறிக்க 2013இல் ஒரு முயற்சி நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது, பழைய டிஸ்க்குகளை மறுவிற்பனை செய்யக் கட்டுப்பாடு, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைந்தாக வேண்டும் என்று நிபந்தனை என்றெல்லாம் சொன்னது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் 4க்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று மேடையிலேயே அறிவித்தது. விலையும் 499 டாலருக்கு எதிராக 399 டாலர். சில நாட்களுக்குள், ஜூன் 19 அன்று, மைக்ரோசாஃப்ட் இரண்டு நிபந்தனைகளையும் திரும்பப் பெற்றது. கன்சோல் விற்பனைக்கு வர இன்னும் மாதங்கள் இருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யார் கையிலிருந்தும் முழுப் பணம் போயிருக்கவில்லை. பக்கத்திலேயே மாற்றுக் கடையும் இருந்தது. அதனால்தான் அந்தக் கோபத்துக்கு விலை இருந்தது.

ஆனால் அன்று நிபந்தனை போட்டுச் செய்ய முடியாததைப் பிறகு வசதியைக் காட்டியே செய்துவிட்டார்கள். டிஸ்க் செருகும் வழியே இல்லாத கன்சோல் இன்று சற்றுக் குறைந்த விலையில் கிடைக்கிறது. வாங்க வருபவர்களிடம் நான் கணக்குப் போட்டே காட்டுவேன். கன்சோலில் மிச்சப்படுத்தும் தொகை, விற்கவும் மாற்றவும் முடியாத நான்கைந்து விளையாட்டுகளிலேயே போய்விடும். கேட்டுவிட்டு டிஸ்க் உள்ளதையே வாங்கிப் போகிறவர்கள் பலர்.

கைபேசி விளையாட்டில் டிஸ்க்கும் இல்லை, முன்விலையும் இல்லை. இலவசம் என்றுதான் உள்ளே விடுகிறார்கள். என் அக்கா மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பெரம்பூரில் வீடு. அக்காவின் பழைய கைபேசியில்தான் விளையாடுவான். அந்தக் கைபேசியில் அக்காவின் வங்கி அட்டை எப்போதோ ஒரு மாதச் சந்தாவுக்காகச் சேமிக்கப்பட்டிருந்தது. கணக்கில் பதினோராயிரம் ரூபாய்ச் சொச்சம் சிறுசிறு தொகையாகப் போயிருப்பதை வங்கிக் கணக்குத் தாளைப் பார்த்துத்தான் அக்கா கண்டுபிடித்தாள். எழுபத்தைந்து, இருநூற்று இருபத்தைந்து, மறுபடி எழுபத்தைந்து என்று பக்கம் முழுக்க அதுதான். என்னை அழைத்தபோது அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

பையனை யாரும் அடிக்கவோ அதட்டவோ வேண்டாம் என்று முதலில் சொன்னேன். அவன் பயந்து விளையாட்டுக் கணக்கை அழித்துவிட்டால் நமக்கு வேண்டிய சான்றும் அதோடு போய்விடும். நான் போய்ச் சேர்ந்ததும் அவனை அருகில் உட்கார வைத்து, விளையாட்டுக்குள் இருக்கும் கடையைத் திறக்கச் சொன்னேன். அந்தத் திரையை இங்கே விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் பலரும் அதைப் பார்த்ததே இல்லை.

எந்தப் பொருளுக்கும் அங்கே ரூபாயில் விலை இல்லை. எல்லாம் வைரக்கல் கணக்கு. அவன் ஆசைப்பட்ட ஓர் உடைக்கு 350 கல். கல் விற்கும் பக்கத்துக்குப் போனால் 90 கல் 75 ரூபாய், 280 கல் 225 ரூபாய், 600 கல் 449 ரூபாய். 350 என்று ஒரு பொட்டலம் கிடையாது. 280ம் 90ம் வாங்கினால் முந்நூறு ரூபாய் போகும், 20 கல் மிஞ்சும். அந்த 20 கல்லுக்கு எதுவும் வராது. ஆனால் மிஞ்சியதை வீணாக்க யாருக்கு மனம் வரும்? அடுத்த பொருள் 110 கல் என்று பக்கத்திலேயே காட்டுகிறார்கள். இன்னும் ஒரு 75 ரூபாய் போட்டால் போதும். இப்படித்தான் அந்தக் கணக்குத் தாளில் எழுபத்தைந்துகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அவனை ரூபாயில் விலை எழுதச் சொன்னேன். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தவன், ஒரு துப்பாக்கியின் வண்ணப் பூச்சுக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல் என்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவன் வாங்கியதுதான், ஆனால் அந்த எண்ணை ரூபாயில் அவன் பார்த்தது அதுவே முதல் தடவை.

அதே திரையின் மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. சலுகை முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் என்றது. "இது முடிந்தால் விலை ஏறிவிடும், மாமா" என்றான். முடியட்டும், பார்க்கலாம் என்றேன். கைபேசியில் திரையைப் பதிவு செய்யும் வசதியை ஓடவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தோம். அக்கா கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. திரை ஒருமுறை மினுக்கியது. அதே சலுகை, அதே விலை, புதிதாக ஒரு கடிகாரம். பையன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதிவுதான் பிறகு எங்கள் புகாரில் மிகவும் உதவிய சான்று.

இன்னொன்று, பெட்டி. ஐம்பது கல் கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும், உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். லூட் பாக்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆப்பிள் 2017 டிசம்பரிலும் கூகுள் 2019இலும் தங்கள் விதிகளில், இப்படிப்பட்ட பெட்டிகளில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வரும் என்று வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று சேர்த்தன. இந்த விளையாட்டிலும் ஒரு சிறிய கேள்விக்குறிக்குள் அது இருந்தது. அவன் எதிர்பார்த்த உடைக்கு 1 சதவீதம். நூறு முறை திறந்தால் நிச்சயம் வந்துவிடும் என்று அவனும் அவன் நண்பர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் 99 சதவீதம் வராது என்றால், நூறு முறையும் வராமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது நூறு பெட்டி திறக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். கால்குலேட்டரில் 0.99ஐ நூறு முறை பெருக்கிக் காட்டினேன். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் இருக்கிறது. ஆசிரியர்கள் இந்த ஒரு கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டினால் எத்தனையோ வீடுகளுக்குப் புண்ணியமாகப் போகும்.

இனி பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை. அன்று இரவே உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டணத்துக்கும் மின்னஞ்சலில் வந்திருந்த ரசீது எண்ணை எடுத்து, தேதி, தொகை, வாங்கிய பொருள் என்று ஒரு தாளில் வரிசைப்படுத்தினோம். செயலிக் கடையின் ரீஃபண்ட் பக்கத்தில் புதிய கட்டணங்களுக்கு முதலில் விண்ணப்பித்தோம். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வழி எளிது. அதற்குப் பிறகு விளையாட்டை உருவாக்கியவரிடம் போகச் சொல்வார்கள். ஆப்பிளில் இதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. கணினி விளையாட்டு வாங்குபவர்களுக்கு, ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணமே கேட்காமல் திருப்பித் தருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை விளையாட்டு நம் கணினியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் பயன்படுத்த வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எங்களுக்கு வந்த முதல் பதில் ஒரு மறுப்பு. இயந்திரம் எழுதிய இரண்டு வரி. அத்தோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் அதையும் சேமித்துக்கொண்டு, அந்தச் செயலிக் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினோம். இப்படி ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இருக்கிறது. புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்தியாவில் பதிவு பெறாத நிறுவனமாக இருந்தாலும், இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்பவர் என்றால் அந்த விதிகள் பொருந்தும்.

கடிதத்தில் கெஞ்சவும் இல்லை, வசைபாடவும் இல்லை. மூன்று விஷயங்களை மட்டும் எழுதினோம். வாங்கியவன் பதினெட்டு வயது நிரம்பாதவன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆம் பிரிவின்படி அவனால் ஒப்பந்தம் செய்ய இயலாது. அட்டைக்கு உரியவர் இந்தக் கட்டணங்களுக்குத் தனித்தனியாக ஒப்புதல் தரவில்லை. முடியாத சலுகையை முடியப்போவதாகக் காட்டும் கடிகாரம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 வகைகளில் முதலாவதான பொய் அவசரம். திரைப் பதிவை இணைத்தோம். தொகையையும் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் கடைசி வரியில் எழுதினோம். அட்டை சேமித்து வைத்திருந்தது பெரியவர்தானே என்று அவர்கள் வாதிடலாம் என்று தெரியும். அந்த வாதத்தை அவர்கள் எழுத்தில் வைக்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எழுத்தில் வந்த பதில் ஒவ்வொன்றும் அடுத்த படிக்கு உதவும்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தாள் அக்கா. தமிழிலேயே பேசலாம். ஒரு புகார் எண் கொடுத்தார்கள். நிறுவனத்துக்கு அங்கிருந்தும் புகார் போனது. வழக்குக்கு முந்தைய படி இது. அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் தனி மனிதர் எழுதும் மின்னஞ்சலுக்கும் அரசு எண்ணோடு போகும் புகாருக்கும் வேறுபாடு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். இயந்திரத்தின் இரண்டு வரிக்குப் பதிலாக ஒரு மனிதரின் பெயர் போட்ட பதில் வந்தது. சமீபத்திய கட்டணங்கள், அதாவது ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொகை, அக்காவின் கணக்குக்குத் திரும்பியது. பழையவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வங்கியிடம் நேராகப் போய்க் கட்டணத்தை மறுத்து எழுதிக் கொடுத்தால் சுலபமாக முடியும் என்று பலரும் யோசனை சொல்வார்கள். திருட்டு என்றால் உடனே அதைச் செய்ய வேண்டும். வீட்டுப் பிள்ளை வாங்கியதைத் திருட்டு என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகாராகிவிடும். தவிர, விளையாட்டுக் கணக்கையே முடக்கிவிடும் பழக்கமும் இந்தத் துறையில் இருக்கிறது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. அட்டை நிறுவனத்திடம் கட்டணத்தை மறுத்தவர்களின் கணக்குகள் பூட்டப்பட்டன. ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே பணம் போகும்படி திரை அமைந்திருந்தது. பிள்ளைகள் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடிந்தது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர் வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: பெரம்பூரில் ஒரு பையனுக்கு நடந்தது தற்செயல் இல்லை. அந்தத் திரைகள் அப்படி நடக்கும்படியே வரையப்பட்டிருக்கின்றன.

ஒன்றுசேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 விளையாட்டு வெளிவரும் சமயத்தில், முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்தப் படங்களின் புகழ்பெற்ற வில்லனான டார்த் வேடர் பாத்திரம் பூட்டியே இருந்தது. திறக்க 60,000 புள்ளிகள் வேண்டும். விளையாட்டை வெளியிட்ட இஏ நிறுவனம் அதை நியாயப்படுத்தி ரெடிட் என்ற இணைய மன்றத்தில் எழுதிய பதிலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்தன. விலையை 15,000 புள்ளிகளாகக் குறைத்தார்கள். கோபம் தணியவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய நாள், விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கும் வசதியையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில புகழ்பெற்ற விளையாட்டுகளின் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. இஏவின் ஃபிஃபா கால்பந்து விளையாட்டில் பணம் கொடுத்துப் புள்ளிகள் வாங்குவதை 2019 ஜனவரியில் அந்த நாட்டில் நிறுத்தினார்கள்.

2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டில் நடந்தது இன்னும் வேகமானது. கணினியில் விளையாடுபவர்கள் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே தீர வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளிலும் விளையாட்டை விற்றிருந்தார்கள். ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, ரீஃபண்ட் விண்ணப்பங்களும் கூடவே போயின. சில நாட்களுக்குள் சோனி முடிவைக் கைவிட்டது.

எதிர்ச் சான்றையும் மறைக்கக்கூடாது. 2009இல் கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 கணினிப் பதிப்பில், விளையாடுபவர்களே நடத்தும் தனி சர்வர் வசதி இல்லை என்று தெரிந்ததும், அதைப் புறக்கணிப்போம் என்று ஸ்டீமில் ஒரு பெரிய குழு உருவானது. விளையாட்டு வெளியான அன்று அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், கணிசமானவர்கள் அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. புறக்கணிப்பு என்று சொல்லிவிட்டு வாங்குவது வாங்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த முறை யார் குரல் கொடுத்தாலும் நிறுவனம் அந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொள்ளும்.

கைபேசி விளையாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பான்மையினர் ஒரு பைசாகூடச் செலவழிப்பதில்லை. வருமானத்தின் பெரும்பகுதி ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வருகிறது. ஆகவே செலவழிக்காத பையன் புறக்கணித்தால் அவர்கள் கல்லாவில் எதுவும் குறையாது. அங்கே நமக்கிருக்கும் பிடி ரீஃபண்டும் சட்டமும்தான். செயலிக் கடைகள் ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு எடுக்கின்றன. புகார்கள் குவியும் விளையாட்டு அவர்களுக்கும் தலைவலி.

இங்கே நம் பெற்றோரிடம் ஒரு குழப்பத்தைப் பார்க்கிறேன். ஆன்லைன் விளையாட்டைத்தான் அரசு தடை செய்துவிட்டதே என்கிறார்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், பணம் வைத்து ஆடுபவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை விதித்த 2025 விதிமுறைகளும், அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியச் சட்டமும் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. ரம்மி போன்றவை அதில் அடங்கும். உடையும் வண்ணப் பூச்சும் விற்கும் விளையாட்டில் வென்று எடுக்கப் பணம் இல்லை என்பதால் அது வேறு கணக்கு. உங்கள் பிள்ளை திறக்கும் பெட்டியை அந்தச் சட்டங்கள் தடுக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வாங்கியது நம்முடையதா என்ற கேள்வியும் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, அதில் ஆயிரக்கணக்கில் செலவழித்த இளைஞர்கள் என் கடைக்கு வந்து, அந்த ஸ்கின்களை, அதாவது உடைகளையும் வண்ணப் பூச்சுகளையும், எங்கேனும் விற்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது. பிறகு 2021இல் இந்தியாவுக்கென வந்த பதிப்பு பழைய கணக்கை மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. கன்சோல், கணினியிலும் இதே நிலைதான். யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள். தனியாக ஒருவர் விளையாடும் பகுதிகூட அதோடு போனது. டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை. அதிலிருந்து கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையொப்பம் திரட்டியது. எங்கள் கடையில் பழைய டிஸ்க் வாங்கும்போது இப்போது நான் முதலில் பார்ப்பது, டிஸ்க் பெட்டியின் பின்புறம் இணைய இணைப்பு கட்டாயம் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதை. அச்சிட்டிருந்தால் விலையைக் குறைத்துத்தான் எடுப்பேன், விற்கும்போதும் அதைச் சொல்லித்தான் விற்பேன்.

அக்கா வீட்டில் என்ன மாற்றினோம் என்றும் சொல்லிவிடுகிறேன். கைபேசியிலிருந்து அட்டையை நீக்கினோம். ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றினோம். பல கைபேசிகளில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்றும் ஒரு தேர்வு இருக்கும், அதைத் தவிர்க்க வேண்டும். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பழக்கத்தை அக்கா நிறுத்திவிட்டாள். மளிகைக் கடைக்கு அனுப்பும்போது சொல்லித்தானே பழகிவிட்டது என்பாள்; அதற்குப் பதிலாக இப்போது கையில் காசு கொடுத்து அனுப்புகிறாள். சந்தாக்களுக்கு, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாமல் படித்தால், தேவையில்லாத சந்தா ஒவ்வொன்றையும் பணம் போகும் முன்பே நிறுத்தலாம். பையனுக்கு விளையாட்டைத் தடுக்கவில்லை. மாதம் இருநூறு ரூபாய்க்குப் செயலிக் கடையில் செலவழிக்கும் பரிசுக் குறியீடு ஒன்று வாங்கித் தருகிறாள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். வாங்குவதற்கு முன் ரூபாயில் விலையை நோட்டில் எழுதிவிட்டு வாங்க வேண்டும் என்பது அவனே வைத்துக்கொண்ட விதி. சில மாதங்களாக அந்தக் குறியீட்டில் பாதி மிஞ்சுகிறது.

மீதி நாலாயிரத்தை விடுவதாக இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. நிகழ்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்களுக்கு இணையவழிப் புகார் கொடுக்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் அக்காவின் பெயரில் பதிவு செய்து, ரசீதுகள், மறுப்புக் கடிதங்கள், 1915 கொடுத்த எண், திரைப் பதிவு எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறோம். விளையாட்டு நிறுவனத்தையும் செயலிக் கடையையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருக்கிறோம். நியாயமற்ற வணிக நடைமுறையை நிறுத்தும்படி உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருப்பதால், கோரிக்கையில் இரண்டு வரிகள் எழுதினோம். முதல் வரி, மீதிப் பணம். இரண்டாவது வரி, அந்தக் கடிகாரத்தை எடுத்துவிட வேண்டும் என்பது. அந்த இரண்டாவது வரியைச் சேர்க்கச் சொன்னது அக்கா மகன்.